உண்ணி எடுக்கும் வேளை

சுவரில் ஏறிக்கொண்டிருந்த உண்ணி வயிறு முட்டக் குடித்திருந்தது.

பெர்லிட்டா கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடியே நின்று அதைப் பார்த்தாள். வீட்டில் உண்ணி இருப்பது அதிசயமில்லை. நாய் போன பிறகும் மாதக்கணக்கில் சுவர் வெடிப்பிலும் கட்டில் மூட்டிலும் பட்டினி கிடக்கும் பூச்சி அது. எள்ளின் தோல் மாதிரித் தட்டையாக, செம்பழுப்பாக, எப்போதாவது ஒன்று வெளியே வந்து வழி தேடும். ஆனால் இது தட்டையாக இல்லை. வேகவைத்த பயறு மாதிரி உருண்டு, ஈய நிறத்தில் மினுங்கி, சொந்த வயிற்றின் பாரம் தாங்காமல் நின்று நின்று ஏறியது. இன்றைக்கோ நேற்றோ குடித்த ரத்தம்.

நாய் இத்தும் செத்துப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. அவனைத் தவிர அந்த வீட்டில் வேறு நாய் கிடையாது.

அவள் அடுக்களையிலிருந்து மண்ணெண்ணெய் ஊற்றிய பாட்டிலை எடுத்து வந்து, நகத்தால் அதைக் கிள்ளி உள்ளே போட்டாள். பிறகு, கஞ்சி ஆறிப்போவதைப் பற்றிக் கவலைப்படாமல், கட்டிலில் கிடந்த கணவனின் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினாள்.

"எ...ன்ன?" என்றார் அனிசெட்டோ.

"ஒண்ணுமில்ல நோங். கொஞ்சம் திரும்புங்க. முதுகைப் பாக்கணும்." கணவனை அவள் நோங் என்றுதான் கூப்பிடுவாள்.

அக்குள், காது மடல், தொடை இடுக்கு, கால்விரல்களின் நடுவே என்று ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தாள். நாயிடம் பார்த்துப் பழகிய கை. ஒன்றுமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்பையும் கண்ணாடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை.

அப்படியானால் அது யாருடைய ரத்தம்?

அனிசெட்டோ இருபது வருடம் ஜீப்னி ஓட்டியவர். ஊரிலிருந்து துறைமுகத்துக்கும், துறைமுகத்திலிருந்து ஊருக்கும். கடைசி ஒன்பது வருடம் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் இத்தும் உட்கார்ந்திருப்பான். கருகருவென்று, ஒரு காது மட்டும் மடிந்து. பயணிகளில் பாதிப் பேருக்கு அவன் பெயர் தெரியும், டிரைவர் பெயர் தெரியாது. போன ஏப்ரலில் வெயில் கொளுத்திய ஒரு மதியம், கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஆளில்லாத சாலையில் அனிசெட்டோவின் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எப்படியோ வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்துவிட்டார். நாய்தான் சாலைக்கு நடுவில் போய் நின்று, வந்த லாரியை மறித்து, தொண்டை கட்டும்வரை குரைத்தது. அன்றைக்கு அவன் குரைக்காமல் இருந்திருந்தால் பெர்லிட்டா விதவை.

அந்த நாயைத்தான் அவள் சாகவிட்டாள்.

முன்பெல்லாம் வாரம் இரண்டு நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு, வேலியோரம் நட்டிருந்த கக்கவாத்தே மரத்திலிருந்து தழையை உருவி அண்டாவில் கொதிக்கவைப்பாள். அந்தப் பச்சை நெடி தெரு முழுக்கப் பரவும். தண்ணீர் ஆறியதும் நாயை முற்றத்தில் படுக்கவைத்து, தழையைக் கசக்கித் தேய்த்து, தெள்ளுப்பூச்சியை எல்லாம் அலசிவிட்டு, பிறகு மடியில் தலையை வைத்துக்கொண்டு உண்ணி எடுப்பாள். அது ஒரு சுகமான வேலை. அவனும் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடப்பான்.

கணவன் படுத்த பிறகு எல்லாம் நின்றுபோனது. மலச்சட்டி, கஞ்சி, எண்ணெய்த் தேய்ப்பு, இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது. நாளைக்குக் குளிப்பாட்டலாம் என்று தள்ளினாள். நாளை மறுநாள் என்றாள். மழை பிடித்தது. உண்ணிக்கு மழைக்காலம் கொண்டாட்டம். நாய் வந்து அவள் முழங்காலில் தலையை வைத்து, காதைக் காட்டிக்கொண்டு நிற்கும். காது உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி அடை அடையாக. "போடா, எனக்கு இருக்குற வேலைக்கு நீ வேற" என்று காலால் ஒதுக்கினாள். ஒருமுறை இல்லை. பல முறை.

ஆகஸ்ட் கடைசியில் அவன் சாப்பாட்டை நிறுத்தினான். ஈறு வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருந்தது. அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள். பிறகு மூக்கிலிருந்து ரத்தம், சொட்டுச் சொட்டாக, நிற்காமல். மாட்டு டாக்டரை அவள் கூட்டிவந்தபோது அவர் ஈறை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, "உண்ணிக் காய்ச்சல். ரத்தமே இல்லையேம்மா இதுக்கு" என்று மட்டும் சொன்னார். இத்தும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய், அனிசெட்டோவின் தொங்கிய கையில் மூக்கை வைத்துக்கொண்டு செத்தான்.

அவள் அவனை வேலியோரம் புதைத்தாள். பாயை எரித்தாள். தரையைக் கொதிநீர் ஊற்றிக் கழுவினாள். வெடிப்புகளில் சுண்ணாம்பு அடைத்தாள். தாமதமாகச் செய்த அத்தனை வேலையையும் இரண்டே நாளில் செய்து முடித்தாள்.

முதல் உண்ணியைப் பார்த்த மறுநாள் சுவரில் மூன்று. அதற்கு மறுநாள் பதினொன்று. எல்லாம் குடித்தவை. எல்லாம் சாயங்காலம் நான்கு மணி வாக்கில், கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தன.

பெட்டிக்கடை வைத்திருக்கும் மனாங் சியோனியிடம் பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினாள். தெருவில் மூத்தவள், எல்லாருக்கும் மனாங்.

"எலியா இருக்கும்டி இந்தாய். கிடைச்சதைக் குடிக்கிற பூச்சிதானே."

"எலியே கிடையாது மனாங். இத்தும் இருந்த வீட்ல எலி எப்படி இருக்கும்?"

"அப்போ என் வீட்டுக்காரனாத்தான் இருக்கும். ராத்திரி ஆனா உன் வேலியோரம் வந்துதானே ஒண்ணுக்கு ஊத்துறான். உண்ணி தள்ளாடித் தள்ளாடி நடந்துச்சான்னு பாத்தியா? தள்ளாடுச்சுன்னா அது அவன் ரத்தந்தான்."

இரண்டு வாரத்தில் முதல்முறையாகப் பெர்லிட்டா சிரித்தாள். சிரித்த வாக்கில் அழுதுவிட்டாள். சியோனி கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"நாய்க்காக இவ்வளவு ஏண்டி? புருஷனைப் பாக்குறதா, நாயைப் பாக்குறதா? உனக்கு இருக்குறது ரெண்டு கை."

"அவன் கேட்டுக்கிட்டே வந்தான் மனாங். காதைக் காட்டிக்கிட்டே வந்தான்."

வீட்டுக்குத் திரும்பியபோது மழை லேசாகப் பிடித்திருந்தது. வாசலிலேயே அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டொக் டொக் டொக் டொக். இடைவெளி. டொக் டொக் டொக். நாய் பின்னங்காலால் காதைச் சொறியும்போது கால் மூட்டு எலும்பு தரையில் இடிக்குமே, அந்தச் சத்தம். ஒன்பது வருடம் கேட்டுக் கேட்டு, கேட்கிறோம் என்பதே தெரியாமல் போயிருந்த சத்தம்.

உள்ளே போனாள். சத்தம் நின்றது. அனிசெட்டோ சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். அவருடைய நல்ல கை கட்டில் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மெதுவாக முன்னும் பின்னும் போய்வந்தன. எதையோ கோதுவது போல. நடுவே ஒருமுறை, மடிந்த காதை நிமிர்த்திவிடுவது போலக் கட்டைவிரல் வளைந்தது.

"நோங், என்ன பண்றீங்க?"

அவர் திரும்பினார். ஐந்து மாதமாகக் கோணலாகவே இருந்த வாயில் சிரிப்பு.

"இத்... தும்" என்றார்.

அவள் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். சிமெண்டுத் தரை. எதிர்ச் சுவர். ஈரம். வேறொன்றுமில்லை. ஆனால் மழையில் நனைந்து வந்த நாயின் மணம் முகத்தில் அடித்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. மனதின் ஒரு மூலையில், சொல்லக் கூசும் ஒரு மூலையில், அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கணவன் சிரிக்கிறார். கஞ்சியை ஒரு கரண்டி அதிகமாகக் குடிக்கிறார். கை நாளெல்லாம் கீழே தொங்குகிறது. தொங்கட்டும்.

நான்காம் நாள் அவருக்குப் பல் துலக்கிவிடும்போது அவள் கை நின்றது.

ஈறு வெளுத்திருந்தது.

சட்டையை விலக்கினாள். அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள், யாரோ பேனா முனையால் தொட்டுத் தொட்டு வைத்த மாதிரி.

சியோனியின் மருமகனுடைய மூன்று சக்கர வண்டியில் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள். சின்ன வயசு டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"டெங்கு இல்லை. ஆனா ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எங்கேயாவது அடிபட்டு ரத்தம் போச்சா?"

"இல்லம்மா. படுக்கையிலதான் இருக்கார்."

"எங்கேயோ போயிக்கிட்டு இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன். நாளைக்குக் காலையிலயே கிளம்பிடுங்க."

அன்று இரவே புயல் மழை இறங்கியது. விடிந்தபோது ஆற்றுப்பாலம் தண்ணீருக்கு அடியில் இருந்தது. கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் ஆழத்துக்குச் சேற்றுத் தண்ணீர். தண்ணீர் வடிய இரண்டு நாளாகும் என்று சியோனி ஜன்னலிலிருந்து கத்தினாள்.

பெர்லிட்டா கட்டிலையே மாற்றிப் போட்டாள். அதை அடுக்களைப் பக்கம் இழுத்தாள். கணவனின் கையை எடுத்து மார்மேல் வைத்துத் துண்டால் சுற்றினாள். அவர் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். மதியம் அவள் சோறு வடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது துண்டு அவிழ்ந்து கிடந்தது. கை கீழே. விரல்கள் கோதிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவள் மழையில் இறங்கிப் போய்த் தழையை உருவி வந்தாள். அண்டாவில் கொதிக்கவைத்தாள். அந்தப் பச்சை நெடி வீட்டை நிறைத்தது. ஆறிய தண்ணீரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை உள்ளே நீட்டினாள்.

ரோமம் பட்டது.

ஈரமாக, சூடாக. விலா எலும்புகள். ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல மெலிந்து. ஏறி இறங்கும் மூச்சு. அவள் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது, காதுக்குப் போனது, மடிந்த காது. அதன் உள்ளே சோளக்கதிரில் முத்துப் பதித்த மாதிரி விரல் வைக்க இடமில்லாமல் உண்ணிகள்.

"மன்னிச்சிடுடா" என்றாள். "வந்துட்டேன். இப்ப வந்துட்டேன்டா."

எடுத்தாள். ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து பாட்டிலில் போட்டாள். பாட்டில் நிறைந்தது. ஊறுகாய் ஜாடியை எடுத்தாள். அதுவும் நிறைந்தது. எடுத்த இடத்தில் மறுபடி கை வைத்தால் மறுபடி முத்து முத்தாக இருந்தது. தோள்பட்டை மரத்தது. கணவனுடைய கை மேலிருந்து இறங்கி வந்து அவள் கையின் மேல் பட்டது. சில்லென்று. இரண்டு பேருமாக ஒரே நாயைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அப்படிக் கொஞ்ச நேரம். அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அது துக்கமா வேறு ஏதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

மேலிருந்து ஏதோ சொட்டியது. தரையில், அவள் முகத்துக்குப் பக்கத்தில். சிவப்பாக.

அவள் எழுந்தாள். அனிசெட்டோவின் மூக்கிலிருந்து ரத்தம், ஒரே சீராக, தலையணை விளிம்பு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ நோங்!"

துணியை அழுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். ஜன்னலைத் திறந்து சியோனியைக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதே நேரம் மேகம் எங்கோ மேற்கில் கொஞ்சம் விலகியிருக்க வேண்டும். நான்கு மணி வெயில், மழைக்கு நடுவிலேயே, வாசல் வழியாகத் தாழ்ந்து வந்து கட்டிலுக்கு அடியில் விழுந்தது.

அப்போது அவள் பார்த்தாள்.

கட்டிலுக்கு அடியில் உண்ணிகள் இருந்தன. தரையில் இல்லை. சுவரில் இல்லை. அந்தரத்தில். நூற்றுக்கணக்கில், ஈய நிறத்தில், ஒன்றோடொன்று தோளுரசி. ஒரு முதுகின் வளைவாக. ஒரு தாடையாக. நான்கு பாதங்களின் விரலிடுக்குகளாக. மடிந்த ஒரு காதாக. அவற்றுக்கு அடியில் நாய் இல்லை. வெயில் அவற்றின் நடுவே புகுந்து மறுபக்கம் சுவரில் விழுந்தது.

நாயின் உருவத்தில் அவை மட்டும் இருந்தன.

உருவம் எழுந்தது. உடம்பைச் சிலிர்த்தது. ஏழெட்டு உண்ணிகள் தெறித்துத் தரையில் உருண்டன. டொக் டொக் என்று நகச் சத்தம் சிமெண்டில் கேட்க, அது வெளியே வந்தது. அவளைத் தாண்டிப் போகும்போது முழங்காலில் ஒருமுறை உரசிக்கொண்டு போனது. கோபமே இல்லாத உரசல். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கட்டில்மேல் ஏற அவனை என்றைக்கும் விட்டதில்லை. இப்போது ஏறினான். ஜமக்காளம் நான்கு இடத்தில் குழிந்தது. முன்னங்கால்களை அனிசெட்டோவின் மார்பில் வைத்து, மெதுவாக, வயசான நாய் படுப்பது போல மடிந்து மடிந்து அவர்மேல் படுத்தான்.

"இறங்கு! இத்தும், இறங்குடா!"

அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். உண்ணிகள் கொத்தாகக் கையோடு வந்தன. வந்த இடத்தில் வெற்றிடம். மறுபடி பிடித்தாள்.

"விடு" என்றார் அனிசெட்டோ. ஐந்து மாதத்தில் திக்காமல் வந்த முதல் சொல். "விடு பெர்லா. அவனுக்குக் குளிருது."

"உங்களைத் தின்னுதுங்க நோங்! உங்க ரத்தத்தைக் குடிக்குது!"

"அவன் கேக்கல. நான் குடுத்தேன்."

அவர் நல்ல கையை எடுத்து அந்த முதுகை அணைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். பெர்லிட்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். நாயின் முதுகு வளைவு தளர்ந்தது. தாடை கலைந்தது. முத்துக்கள் மணல் சரிவது போல இறங்கி, அவர் மார்பில் பரவி, கழுத்துக்கு ஏறி, தோள், முழங்கை, விரல் நுனி வரை சீராக, இடைவெளி விடாமல். காது. நெற்றி. இமை.

மேகம் மூடியது. வெயில் போனது. மழை.

மூச்சு மட்டும் இருந்தது. ஏறி. இறங்கி. ஏறி.

அவள் மண்ணெண்ணெய் பாட்டிலை இழுத்துப் பக்கத்தில் வைத்தாள். முகத்திலிருந்து தொடங்கினாள். கன்னத்தில், கண்ணுக்குக் கொஞ்சம் கீழே, பருத்த ஒன்று. திருகினாள். எடுத்தாள்.

அதற்கு அடியில் கன்னம் இல்லை.

அந்தச் சின்ன ஓட்டை வழியே தலையணை உறையின் நீலப் பூ தெரிந்தது. அவள் பின்னிய பூ. ஓர் இதழ்.

"நோங்?"

மூச்சு நின்றது. காத்திருந்தது. மறுபடி ஏறியது, முன்பைவிட மெலிசாக.

அவள் கையில் இருந்த உண்ணி கால்களை மெல்ல அசைத்தது. பாட்டிலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், முகம் இருந்த இடத்தை.

பிறகு, குழந்தைக்குப் பொட்டு வைப்பது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த உண்ணியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அது கவ்விக்கொள்ளும் வரை விரலை எடுக்கவில்லை.